பகிர்வுச் செயலிகளும் குறைந்த வருமானக் குடும்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக் கார், டெலிவரி, வீட்டு வேலை, தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு செயலி வந்துவிட்டது. கையில் காசு குறைவாக இருக்கும் குடும்பங்கள் இவற்றால் நிமிர்கின்றனவா, இன்னும் நசுங்குகின்றனவா என்று பலரும் கேட்கிறார்கள். செயலியில் வேலை செய்பவர்கள், சேர யோசிப்பவர்கள், அதைப் பயன்படுத்துபவர்கள் என்று மூன்று தரப்பின் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். என் பார்வை எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் சும்மா கிடந்தால் அதற்குப் பசிக்காது. ஆள் சும்மா காத்திருந்தால் பசிக்கும். ஒரு செயலி நல்லதா கெட்டதா என்று கேட்டால், நான் முதலில் இந்த இடத்தில்தான் பார்ப்பேன்.

டாக்ஸி செயலியைப் போய் 'பகிர்வு' என்கிறார்களே, அங்கே என்ன பகிரப்படுகிறது?

நியாயமான சந்தேகம். ஒரே பெயருக்குக் கீழே மூன்று வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, வேண்டாத பொருளை வேண்டியவருக்குச் சும்மா கொடுப்பது. 2003-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கிய ஃப்ரீசைக்கிள் இந்த வகை. இரண்டாவது, காலியாகக் கிடப்பதைக் கொஞ்ச நேரத்துக்கு வாடகைக்கு விடுவது. 2006-ல் பிரான்சில் வந்த பிளாப்ளாகாரில், எப்படியும் அடுத்த ஊருக்குப் போகிற காரின் காலி இருக்கையில் ஒருவரை ஏற்றி எரிபொருள் செலவைப் பிரித்துக்கொள்கிறார்கள். 2008-ல் ஏர்பிஎன்பி தொடங்கியபோதும் அப்படித்தான். வாடகை வீட்டின் கூடத்தில் காற்று மெத்தை போட்டு ஆட்களைத் தங்கவைத்தார்கள்.

மூன்றாவது, 2009-ல் ஊபர் திறந்துவைத்த பாதை. இங்கே ஓட்டுநர் தன் வேலையாக எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. நமக்காகவே வண்டியை எடுக்கிறார். டெலிவரி, வீட்டுச் சுத்தம், சலூன் வேலை என்று பின்னால் வந்தவை எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. இங்கே விற்கப்படுவது ஆளின் நேரம். 'பகிர்வு' என்ற சொல் முதல் இரண்டுக்குப் பொருந்தும். மூன்றாவதுக்கு அது சும்மா ஒட்டிக்கொண்டது.

இந்த மூன்றாவது வகைதான் வேகமாக வளர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கைப்படி, உலகில் வேலை தரும் டிஜிட்டல் தளங்கள் 2010-ல் 142 இருந்தன, 2020-ல் 777-ஐத் தாண்டிவிட்டன. இணையத்திலேயே முடிந்துவிடும் கிக் வேலைகளில் (நிரந்தரச் சம்பளம் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடைக்கும் வேலைகளில்) மட்டும் 15.4 கோடி முதல் 43.5 கோடி பேர் இருக்கலாம் என்று உலக வங்கி 2023-ல் மதிப்பிட்டது. சாலையில் ஓடுகிறவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

செயலியில் சேர்ந்தால் வருமானம் கூடுமா?

கையில் காசு வரும், அதுவும் சீக்கிரம் வரும். இதைக் குறைத்துப் பேசக் கூடாது. நேர்காணல் கிடையாது, சிபாரிசு வேண்டாம், முதலாளி தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. புதிதாக ஓர் ஊருக்கு வந்தவருக்கும், வேலை போனவருக்கும், நாலு இடத்தில் கதவு சாத்தப்பட்டவருக்கும் செயலியின் கதவு திறந்திருக்கிறது. வாரக் கடைசியில், சில இடங்களில் அன்றைக்கே, பணம் கணக்கில் விழுகிறது. மாத முடிவு வரை தாங்க முடியாத வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் செயலி காட்டும் தொகையையும் வீட்டுக்கு வரும் தொகையையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். தெரிந்த ஓட்டுநர் ஒருவருடைய நோட்டைப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் செயலி சொன்ன தொகை, வலது பக்கம் எரிபொருள், ஆயில், பஞ்சர், வண்டித் தவணை, டேட்டா. முதல் சில வாரங்கள் வலது பக்கம் காலியாக இருந்தது. அப்போது அவர் அதை எழுதவே இல்லை. எழுத ஆரம்பித்த வாரத்தில் ஓரமாக ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். டயர் தேய்வதும் வண்டியின் விலை இறங்குவதும் அந்த நோட்டிலும் இல்லை. அவை ஒருநாள் மொத்தமாக வரும்.

கணக்குக்காக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 12 மணி நேரம் லாகினில் இருக்கிறார், அதில் 7 மணி நேரம்தான் கையில் ஆர்டர் இருக்கிறது. வந்த காசை 7-ஆல் வகுத்தால் பரவாயில்லாத கூலியாகத் தெரியும். செலவைக் கழித்துவிட்டு 12-ஆல் வகுத்தால் வேறு எண் வரும். 'மணிக்கு இவ்வளவு சம்பாதிக்கலாம்' என்று விளம்பரம் வந்தால், எந்த மணியைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. வருமானம் எவ்வளவு என்பதைப் போலவே, அது எவ்வளவு நிலையாக வருகிறது என்பதும் முக்கியம். ஒரு வாரம் நன்றாக வந்து, அடுத்த வாரம் பாதியாகி, இன்சென்டிவ் (இத்தனை ட்ரிப் முடித்தால் இவ்வளவு என்று தரும் கூடுதல் தொகை) திட்டம் மாறி அதற்கடுத்த வாரம் என்ன வரும் என்று தெரியாமல் இருந்தால், சராசரி நன்றாக இருந்தும் பயனில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் சராசரியில் வாங்கப்படுவதில்லை.

"எப்போது வேண்டுமானாலும் லாகின் செய்யலாம்" என்கிற சுதந்திரம் உண்மையா?

பாதி உண்மை. யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஊபர் ஓட்டுநர்களின் தரவை வைத்து அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடிவதை ஓட்டுநர்கள் மிகவும் மதிக்கிறார்கள் என்று காட்டியது. இறுக்கமான நேர ஏற்பாட்டில் கிடைக்கக்கூடிய நலனைவிட இரண்டு மடங்குக்கு மேல் இதில் கிடைக்கிறதாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், படிக்கிற பிள்ளை, இன்னொரு வேலை இருப்பவர் ஆகியோருக்கு இது நிஜமான வசதி. இதை ஏமாற்று என்று ஒதுக்குகிறவர்கள் அவர்களோடு பேசிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் ஜூலியட் ஷோர் குழுவின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இது: செயலியைக் கூடுதல் வருமானமாக வைத்திருப்பவர் திருப்தியாக இருக்கிறார், அதையே நம்பிப் பிழைப்பவர் படாத பாடு படுகிறார். இருவர் கையிலும் அதே செயலிதான். ஒருவருக்கு வேறு சம்பளம் இருப்பதால் மோசமான ஆர்டரை விட்டுவிட முடிகிறது. மற்றவருக்கு மாலை நேர நெருக்கடிதான் சம்பாத்தியம். இன்சென்டிவுக்கு இன்னும் மூன்று ட்ரிப் பாக்கி, மழை வேறு. அந்த நேரத்தில் அவர் லாகினை அணைப்பாரா? அணைக்கலாம் என்பது விதியில் இருக்கிறது, வீட்டுக் கணக்கில் இல்லை.

குறைந்த வருமானப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளாகத்தான் இருக்கிறார்கள்.

ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. எனக்கு இந்த மொத்த விவகாரத்தின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தெருமுனையில் பத்துப் பேர் வண்டியோடு நின்றால் வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடத்தில் சேவை கிடைக்கும். ஐந்து பேர் நின்றால் கொஞ்சம் தாமதமாகும். ஆகவே நிற்பவர்கள் அதிகமாக இருப்பதில் கம்பெனிக்கு லாபம் உண்டு. நிற்பதற்குக் காசு தர வேண்டியதில்லை என்றால், எத்தனை பேரைச் சேர்த்தாலும் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. பத்துப் பேருக்கும் ஆளுக்குக் கிடைக்கும் ஆர்டர் மட்டும் குறையும். காத்திருப்புக்கு ஒரு விலை வைத்தால்தான் இது மாறும்.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓட்டுநர், தனக்கு உரிமம் உள்ள பகுதியில் செயலியைத் திறந்துவைத்து, ட்ரிப்பை ஏற்கத் தயாராக இருந்தால், அந்த நேரம் முழுக்க வேலை நேரம்தான் என்றது. அடுத்த மாதம் கம்பெனி குறைந்தபட்சக் கூலியை அறிவித்தபோது, ட்ரிப்பை ஏற்ற பிறகான நேரத்துக்குத்தான் அந்த உத்தரவாதம் என்று வைத்துக்கொண்டது. கலிபோர்னியாவிலும் இதே இழுபறி. செயலித் தொழிலாளர்களையும் ஊழியர்களாகக் கருத வழிசெய்த சட்டம் 2019-ல் அங்கே வந்தது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பிரசாரம் செய்ய, 2020 நவம்பரில் 'முன்மொழிவு 22' வாக்கெடுப்பில் வென்றது, செயலி ஓட்டுநர்கள் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். 2024-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த முன்மொழிவு, குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ட்ரிப்பை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையான நேரத்துக்கு மட்டும் அது.

நியூயார்க் நகரம் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இன்னும் சாமர்த்தியமானது. ஒரு ட்ரிப்புக்கான குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும்போது, ஓட்டுநர்களின் நேரத்தில் எத்தனை பங்கு வண்டியில் பயணி இருந்தார் என்ற விகிதத்தால் வகுப்பார்கள். வண்டிகள் காலியாக அதிகம் சுற்றினால் அந்த விகிதம் இறங்கும், கூலி ஏறும். காத்திருப்பின் சுமை கொஞ்சம் கம்பெனி தோளுக்கும் போகும். அப்புறம் என்ன நடந்தது? கூட்டம் இல்லாத நேரங்களில் கம்பெனிகள் ஓட்டுநர்களைச் செயலிக்குள்ளேயே விடாமல் பூட்ட ஆரம்பித்தன. "எப்போது வேண்டுமானாலும்" என்ற வாக்குறுதி, காத்திருப்புக்குக் காசு என்று வந்தவுடன் இப்படிச் சுருங்கியது. அந்தச் சுதந்திரத்துக்கு அதுவரை யார் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

உடல்நலம், மனநலம் எப்படி இருக்கிறது?

நலம் என்றால் காசு மட்டும் கிடையாது. சாலையில் ஓடுகிறவரின் நாளைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை. ஹேண்டில்பாரில் செருகிய போனில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அவர் படியேற வேண்டும். வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை. அதற்குள் அடுத்த ஆர்டரின் மணி அடிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் சாலையையும் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் அன்றைய வருமானம் போகும், மருத்துவச் செலவு வரும், வண்டித் தவணை மட்டும் நிற்காது. மூன்றும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வந்து விழும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாள் முழுக்க வெளியே இருப்பவர் எங்கே போவார்? தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார். சிறுநீர்ப் பாதைத் தொற்று அப்படித்தான் வருகிறது, பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. ஆர்டர் எடுக்க வரும் டெலிவரி ஆட்களை உணவகங்கள் கழிப்பறைக்குள் அனுமதிக்க வேண்டும் என்று நியூயார்க் நகரம் சட்டமே போட்டு, 2022 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்று வேதனையாக இருக்கிறது. வந்ததே என்று நிம்மதியாகவும் இருக்கிறது.

மனநலத்தில் பெரிய சுமை, நிச்சயமின்மைதான். நாளைக்கு எவ்வளவு வரும் என்று தெரியாது, ரேட்டிங் ஏன் இறங்கியது என்று தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. கத்தித் தீர்க்கக்கூட எதிரில் ஒரு மேஸ்திரி இல்லை.

"ஐடி பிளாக் ஆகிவிட்டது" என்கிறார்களே, அது என்ன?

வேலையை விட்டு அனுப்புவதுதான். அனுப்புகிறவர் முகம் மட்டும் தெரியாது. ரேட்டிங் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலோ, அதிகம் கேன்சல் செய்தாலோ, வாடிக்கையாளர் ஒரு புகார் போட்டாலோ, செல்ஃபி சோதனையில் முகம் பொருந்தாவிட்டாலோ கணக்கு முடங்கலாம். நிலுவைப் பணம் உள்ளே மாட்டிக்கொள்ளலாம். உதவிப் பக்கத்தில் எழுதினால் முன்பே எழுதிவைத்த பதில் வரும்.

முகச் சோதனை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2018-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர் தோல் ஆண்கள் விஷயத்தில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருந்தோல் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை போனது. அதற்குப் பிறகு மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன, உண்மைதான். ஆனாலும் ஒருவருடைய பிழைப்பை இயந்திரம் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய தள வேலை (செயலி வழி வேலை) வழிகாட்டுச் சட்டம் இதைத்தான் சொல்கிறது: கணக்கை முடக்குவது, நிறுத்திவைப்பது போன்ற முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

பெண்களுக்கு இது வாய்ப்பா?

வீட்டுச் சுத்தம், பராமரிப்பு, அழகுக்கலை போன்ற வேலைகளில் செயலி வழியாக நிறையப் பெண்கள் வருகிறார்கள். இடைத்தரகரின் பிடி தளர்ந்தது, பணம் நேராகத் தன் கணக்குக்கு வருகிறது என்பவை நிஜமான லாபங்கள். ஆனால் முன்பின் தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போக வேண்டியவர் அவர். வாடிக்கையாளர் அவருக்கு ரேட்டிங் போடுகிறார். அந்த வீடு பாதுகாப்பானதா என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. பயந்து திரும்பி வந்தால் கேன்சல் கணக்கில் ஏறும். தண்டனை இல்லாமல் ஒரு வேலையை மறுக்கும் உரிமை இருந்தால்தான் பெண்களுக்கு இது வாய்ப்பு.

வேலை செய்ய இல்லை, பயன்படுத்துபவராக ஏழைகளுக்கு லாபம் உண்டா?

உண்டு, இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. கார் வாங்க முடியாதவருக்கு வருடத்தில் பத்து நாள்தான் கார் தேவை என்றால், அந்தப் பத்து நாளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். ஃப்ரைபெர்கர், சுந்தரராஜன் என்ற இரு ஆய்வாளர்கள் கெட்டரவுண்ட் என்ற கார் வாடகைத் தளத்தின் தரவை வைத்துப் போட்ட கணக்கில், இப்படிப்பட்ட சந்தையால் நடுமட்டத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள்தான் விகிதத்தில் அதிகப் பயன் அடைகிறார்கள் என்று வந்தது. துளை போடும் இயந்திரம், தையல் இயந்திரம், ஏணி போன்றவற்றுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். சொந்தமாக வாங்கினால் வருடம் முழுக்க மூலையில் கிடக்கும் பொருள்கள் இவை.

தடை வாசலில்தான். ஸ்மார்ட்போன், டேட்டா, கார்டு, முன்பணம், முகவரிச் சான்று ஆகிய ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் உள்ளே போக முடியாது. சில பேட்டைகளில் செயலியைத் திறந்தால் வண்டியே காட்டாது. பெயரும் ஒரு தடை. அமெரிக்காவில் எடெல்மன், லூக்கா, ஸ்விர்ஸ்கி மூவரும் ஏர்பிஎன்பியில் ஒரே மாதிரியான கோரிக்கைகளை வேறு வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினப் பெயராகத் தெரிந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. பாஸ்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், அப்படிப்பட்ட பெயருள்ள பயணிகளின் ட்ரிப்பை ஓட்டுநர்கள் இரண்டு மடங்குக்கு மேல் கேன்சல் செய்தார்கள். ரேட்டிங்கும் புகைப்படமும் அந்நியர்களுக்கு இடையில் நம்பிக்கையை உண்டாக்கும் என்றுதான் வைத்தார்கள். பழைய ஒதுக்கலும் அதே வழியாக உள்ளே வந்துவிட்டது.

தங்குமிடச் செயலிகளால் வீட்டு வாடகை ஏறுகிறதா?

ஏறுகிறது. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு என்பதுதான் மாறும். அமெரிக்கா முழுவதும் தரவு எடுத்துச் செய்த, 2021-ல் பிரசுரமான ஓர் ஆய்வில், ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி பதிவுகள் 1 சதவீதம் கூடினால் வாடகை 0.018 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. பார்க்கச் சின்ன எண். ஆனால் அந்தப் பதிவுகள் ஒரு சதவீதமாகவா கூடின? சில வருடங்களில் பல மடங்கு ஆயின. சொந்தக்காரரே குடியிருக்கும் வீடுகள் குறைவாக உள்ள பகுதிகளில் பாதிப்பு அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

சொந்த வீட்டில் ஓர் அறை காலி, அதை வாடகைக்கு விட்டு வயதான தம்பதி மருந்துச் செலவைச் சமாளிக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம். அதே செயலியில் ஒருவர் இருபது வீடுகளை வைத்துக்கொண்டு, குடித்தனக்காரரைக் காலி செய்துவிட்டு நாள் வாடகைக்கு விட்டால் அது வேறு கதை. நியூயார்க் 2023 செப்டம்பரில் இந்த இரண்டையும் பிரித்தது. 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட வேண்டுமானால், வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், கூடவே தங்கியிருக்க வேண்டும், விருந்தாளிகள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சலோனா இன்னும் கடுமை. சுற்றுலா வாடகைக்கு உரிமம் பெற்ற 10,101 குடியிருப்புகளின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குள் முடித்துக்கொள்வதாக 2024-ல் நகர நிர்வாகம் அறிவித்தது.

வாடகைக்குக் குடியிருப்பவருக்குத் தன் அறையைச் செயலியில் போட உரிமையே இருக்காது. பகிரச் சொத்து இல்லாதவருக்கு வாடகை ஏற்றம் மட்டும் வந்து சேர்கிறது.

அக்கம்பக்க உறவு வளரும் என்றார்களே, வளர்ந்ததா?

காசுக்கு நடக்கும் செயலிகளில் பெரிதாக இல்லை. இருந்த சில தளங்களும் மாறிப்போயின. 2004-ல் இணையத்துக்கு வந்து, வீட்டு சோஃபாவில் அந்நியரை இலவசமாகத் தங்கவைத்த கவுச்சர்ஃபிங், 2011-ல் லாப நிறுவனமானது.

எனக்குப் பிடித்த முயற்சிகள் சின்னதாக, சத்தமில்லாமல் நடப்பவை. எட்கர் கான் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1980-ல் முன்வைத்த நேர வங்கி அப்படி ஒன்று. நீங்கள் ஒருவருக்கு ஒரு மணி நேரம் உதவினால் உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் ஏறும். அதை வைத்து வேறொருவரிடம் உதவி வாங்கலாம். வக்கீலின் ஒரு மணியும் சமையல் செய்பவரின் ஒரு மணியும் ஒன்றே. காசு இல்லாதவரிடம் கொடுக்க எதுவுமே இல்லை என்ற எண்ணத்தை அது உடைக்கிறது. கருவி நூலகங்களும் அப்படித்தான். புத்தகம் எடுப்பதுபோல ரம்பத்தையும் ஏணியையும் எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். அங்கே காத்திருப்பது ஏணி, அதற்குப் பசிக்காது.

அரசுகள் என்ன செய்கின்றன?

ஸ்பெயின் 2021-ல் டெலிவரி ரைடர்களை ஊழியர்களாகவே கருதும் சட்டம் கொண்டுவந்தது. வேலையையும் கூலியையும் தீர்மானிக்கும் அல்காரிதத்தின், அதாவது செயலிக்குள் முடிவெடுக்கும் கணினிக் கணக்கின், விதிகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் தளத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஊழியர் என்ற பெயர் இல்லாவிட்டாலும் விபத்து இழப்பீடும் சேமநிதிப் பங்களிப்பும் உண்டு. இந்தியாவில் ராஜஸ்தான் 2023-ல் தனிச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நலநிதிக்கு ஒரு பங்கு எடுக்க வழி செய்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2025 ஜூன் மாநாட்டில், தள வேலைக்கென்று ஓர் உடன்படிக்கையும் அதோடு ஒரு பரிந்துரையும் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது.

ஊழியரா, சுயதொழிலாளியா என்ற சண்டையிலேயே பத்து வருடம் போய்விட்டது என்பது என் ஆதங்கம். அது தீரட்டும். அதுவரை விபத்துக் காப்பீட்டுக்கும் காத்திருப்புக் கூலிக்கும் முடக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? சிங்கப்பூர் வழி எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருவதாகத் தெரிகிறது.

தொழிலாளர்களே சேர்ந்து ஒரு செயலி நடத்தினால் என்ன?

நடத்துகிறார்கள். ட்ரெபோர் ஷோல்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் இதற்குத் 'தளக் கூட்டுறவு' என்று பெயர் கொடுத்தார். நியூயார்க்கில் வீடு சுத்தம் செய்யும் பெண்களின் கூட்டுறவுகள் சேர்ந்து நடத்தும் அப் அண்ட் கோ என்ற தளத்தில், வாடிக்கையாளர் தரும் தொகையில் 95 சதவீதம் வேலை செய்தவருக்கே போகிறது. அதே நகரத்தில் 2021-ல் ஓட்டுநர்கள் தங்கள் கூட்டுறவு டாக்ஸி செயலியைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் சைக்கிள் டெலிவரிக் கூட்டுறவுகள் பல, கூப்சைக்கிள் என்ற பொது மென்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன.

கஷ்டம் முதலில்தான். பெரிய கம்பெனிகள் முதலீட்டாளர் பணத்தை வைத்து வருடக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துக் கூட்டம் சேர்த்தன. கூட்டுறவால் அது முடியாது. அதனால் சுத்தம், பராமரிப்பு, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போல, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் இவை நிலைக்க வாய்ப்பு அதிகம். நகராட்சியோ பள்ளியோ தன் ஒப்பந்தத்தை இவர்களுக்குக் கொடுத்தால் அது பெரிய தூண்.

நான் சேர நினைக்கிறேன். முதலில் என்ன பார்க்க வேண்டும்?

இன்சென்டிவை நம்பி வண்டிக் கடன் வாங்காதீர்கள். இன்சென்டிவ் ஒரு செய்தியில் மாறிவிடும், தவணை மாறாது. முடிந்தால் இருக்கிற வண்டியிலோ வாடகை வண்டியிலோ இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். தினமும் லாகின் செய்த நேரம், முடித்த நேரம், காலியாக ஓடிய தூரம், எல்லாச் செலவும் நோட்டில் ஏற வேண்டும். மீதியை மொத்த மணியால் வகுத்து, பக்கத்தில் கிடைக்கும் வேறு வேலையின் கூலியோடு ஒப்பிடுங்கள்.

செயலியின் விபத்துக் காப்பீடு எப்போது பொருந்தும் என்று வரி விடாமல் படியுங்கள். ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, காத்திருக்கும்போதுமா? வீடு திரும்பும்போது? கூலி விவரம், ரேட்டிங், வந்த செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் செயலிக்கு வெளியே வையுங்கள். கணக்கு முடங்கினால் உள்ளே எதையும் பார்க்க முடியாது. ஒரே செயலியை நம்பாமல் இரண்டாவதிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் தொழிலாளர் சங்கமோ குழுவோ இருந்தால் முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடுங்கள். பிளாக் ஆன பிறகு தேடினால் தாமதமாகிவிடும்.

வாடிக்கையாளராக நான் என்ன செய்யலாம்?

ரேட்டிங் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஐந்துக்கு மூன்று என்றால் 'பரவாயில்லை' என்று நாம் நினைக்கிறோம். பல செயலிகளில் ஓட்டுநரின் சராசரி நாலரைக்கு மேலே இருந்தாக வேண்டும், அதனால் உங்கள் மூன்று அவருக்கு அடி. கடை தாமதித்ததற்கும், மழைக்கும், செயலி காட்டிய தவறான வழிக்கும் ஓட்டுநரின் நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள், கம்பெனிக்குத் தனியாக எழுதுங்கள். டிப்ஸ் கொடுத்தால் கையில் கொடுங்கள். ஆர்டர் போட்ட பிறகு போனைப் பக்கத்தில் வையுங்கள், முகவரியில் மாடி எண்ணையும் எழுதுங்கள். நீங்கள் போனை எடுக்கும் வரை அவர் வாசலில் நிற்கும் நிமிடங்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. உங்கள் கட்டடத்தில் டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலகை இருந்தால், அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கீழ்த்தளக் கழிப்பறையைத் திறந்துவிடுவது பற்றியும் அதே கூட்டத்தில் பேசலாம்.